கோழி ஊசிக்குப் பின்னால் இரண்டு ராணிகள்

பிப்ரவரி விடியல். அச்சன்புதூர்த் தெருவில் ஒரு குரல்: "ஏளா, கோழியத் தொறந்து விட்டுராத, ஊசி போட வாராவ!" பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அவ்வளவுதான், சேவல் ஓட்டின்மேல் ஏறிவிடும். ஒவ்வொன்றாகப் பிடித்து, இறக்கையை விரித்து, அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. வெள்ளைக் கழிச்சல் ஊசி.

கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தெருக்கோழிகளையே துடைத்துவிடும் இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ராணிக்கெட். தமிழகத்தில் அதற்கு ஊசி தயாராவது ராணிப்பேட்டையில்! முன்னது இமயமலையில் ஒரு ராணியின் வயல். பின்னது தேசிங்கு ராஜாவின் மனைவி நினைவாக எழுந்தது என்பார்கள். இரண்டு ஊரையும் குழப்பிக்கொள்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1926இல் ஜாவாவில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுகத்திலும். கிழக்கேயிருந்து வந்த கப்பலில்தான் கிருமி இறங்கியது என்று சந்தேகித்தார்கள். ஆராய்ந்த டாயில், ஊர்ப்பெயரைத் தற்காலிகமாகத்தான் நோய்க்கு வைத்தார். அது இன்றுவரை போகவில்லை. சில ஆண்டுகளில் குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் எட்வர்ட்ஸ் அதே நோயைக் காண, இந்தியாவில் பழி அந்த ஊர்மேல் விழுந்தது.

மாற்றும் அதே மலையில்தான் பிறந்தது. 1940களில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் ஹாடோவும் இத்னானியும் கிருமியைக் கருமுட்டைக்குள் செலுத்தி, முட்டை விட்டு முட்டை மாற்றினார்கள். மாற்ற மாற்ற அதன் முரட்டுத்தனம் அடங்கியது. ஆனாலும் இளங்குஞ்சு அதைத் தாங்காது. குஞ்சுக்கு வாய்த்தது வேறு கிருமி: அமெரிக்காவின் நியூஜெர்சியில் லசோட்டா என்பவரின் பண்ணையில் 1946இல் அகப்பட்ட ஒரு சாது. கண்ணிலும் மூக்கிலும் சொட்டுவிட்டால் போதும். "லசோட்டா இருக்கா?" என்று மருந்துக்கடையில் கேட்பவர், ஒரு பண்ணைக்காரரின் பெயரைத்தான் கேட்கிறார்.

இன்று வெள்ளைக் கழிச்சல் ஊசியைத் தயாரிக்கும் ராணிப்பேட்டை நிலையம் 1932இல் தொடங்கியபோது அதன் கவலை கோழியல்ல, மாட்டு வெக்கை நோய்.

ஊசி மருந்துக்குப் பெரிய எதிரி நம்மூர் வெயில். ஐஸ் பெட்டி இல்லாமல் அது தெருத்தெருவாகப் போகாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நோயே இல்லாத கோழிகளிடம் கிடைத்த ஒரு கிருமியைச் சூடு தாங்கும்படி தேர்ந்தெடுத்தார்கள். 1980களில் மலேசியக் கிராமங்களில் தீவனத்தில் பூசித் தந்தார்கள். அந்த வழியிலேயே, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் வாய்வழிக் குருணை மருந்தை உருவாக்கியது. முற்றத்தில் இறைத்தால் போதும். ஓட்டின்மேல் ஏறிய சேவலும் தானாக இறங்கி வந்து கொத்தும்.