குளச்சல் போர்: மிளகுப் போட்டி போராக முற்றிய வரலாறு

குளச்சல் போர் என்பது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் இடையே 1741ஆம் ஆண்டு நடந்த போராகும். டச்சுக்காரர்களைத் தமிழில் ஒல்லாந்தர் என்றும் அழைப்பர். போர் நடந்த குளச்சல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அதே கடலோரத்தில் சற்றுக் கிழக்கே இராஜாக்கமங்கலம் துறை அமைந்துள்ளது. நாடுகளுக்கிடையிலான வணிகப் போட்டி படிப்படியாகப் போராக மாறுவதற்கு இப்போர் தெளிவான சான்றாகும்.

மிளகும் ஒப்பந்தங்களும்

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் போர்ச்சுக்கீசியரை வென்று இலங்கைக் கரையோரத்தையும் தூத்துக்குடி, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களையும் பிடித்தனர். 1663இல் கொச்சியும் அவர்கள் வசமானது. மலையாளக் கரையின் சிற்றரசர்களோடு அவர்கள் ஒப்பந்தங்கள் செய்துகொண்டனர். அவற்றின்படி, மிளகைக் குறிப்பிட்ட விலைக்குத் தங்களுக்கே விற்க வேண்டும்; வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அந்த விலை சந்தை விலையைவிடக் குறைவு. அஞ்சுதெங்கில் கோட்டை கட்டியிருந்த ஆங்கிலேயர் கூடுதல் விலை தந்தனர். ஆகவே மிளகு மறைவாக வேறு கைகளுக்குப் போயிற்று. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஐரோப்பாவில் அப்போது நட்பு நாட்டினர். ஆயினும் இங்கே வணிகத்தில் எதிரிகளாகவே இருந்தனர்.

பகை முற்றுதல்

1729இல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, உள்நாட்டில் பிரபுக்களை அடக்கியபின் வடக்கே இருந்த சிற்றரசுகளைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவரத் தொடங்கினார். ஓர் அரசு அவர் வசமானால், அதனோடு ஒல்லாந்தர் செய்திருந்த மிளகு ஒப்பந்தமும் பயனற்றுப் போகும். மன்னருக்கோ படை நடத்த மிளகு வருவாய் தேவைப்பட்டது. இரு தரப்பும் தங்களைக் காத்துக்கொள்வதாகவே எண்ணின.

1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாப் மலபாருக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். மன்னரின் வளர்ச்சியைத் தடுக்காவிட்டால் வணிகம் அழியும் என்று கருதினார். திருவிதாங்கூருக்கு அஞ்சிய அரசர்கள் ஒல்லாந்தரின் துணையை நாடினர். மன்னரை வான் இம்ஹாப் நேரில் சந்தித்து மிரட்டியபோது, தாமும் மீனவர்களைக் கொண்டு ஐரோப்பாவின் மீது படையெடுக்கலாம் என மன்னர் விடையளித்ததாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அடுத்து, கொட்டாரக்கரையைத் தலைநகராகக் கொண்ட இளையிடத்துச் சொரூபத்தின் அரசியை ஒல்லாந்தர் அரியணையில் அமர்த்தினர். மன்னர் அப்பகுதியைத் தாக்கினார். அரசி கொச்சியில் அடைக்கலம் புகுந்தார். தாங்கள் காப்பதாகச் சொன்ன ஒருவரைக் கைவிட்டால் மற்ற அரசர்களும் நம்பமாட்டார்கள் என்பதால் ஒல்லாந்தரால் பின்வாங்க இயலவில்லை.

போர்

1741இல் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. குளச்சலுக்கும் கோட்டாறுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கைப்பற்றிப் பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. வடக்கே இருந்த மன்னர் விரைந்து திரும்பினார். டச்சுப் படை குளச்சலுக்குப் பின்வாங்கி முற்றுகைக்குள்ளானது.

ஒல்லாந்தரின் கிழக்குலகத் தலைமையிடமான பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, பெரும் உதவி அனுப்பும் நிலையில் இல்லை. 1740இல் அங்கு நடந்த சீனர் படுகொலையைத் தொடர்ந்து ஜாவாவிலும் போர் மூண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குளச்சல் கரையில் கப்பல்கள் ஆட்களை இறக்குவதும் கடினம். இறுதியில் டச்சுப் படை சரணடைந்தது. 1741 ஆகஸ்டு 10 இப்போரின் நாளாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

விளைவுகள்

கைதான டச்சுப் படைத்தலைவர் டிலனாய் மன்னரிடம் பணியில் சேர்ந்து, திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். ‘வலிய கப்பித்தான்’ எனப்பட்ட அவர் 1777இல் இறந்தார். 1753இல் கையெழுத்தான மாவேலிக்கரை உடன்படிக்கையில், மன்னரின் நடவடிக்கைகளில் தலையிடுவதில்லை என ஒல்லாந்தர் ஒப்புக்கொண்டனர். 1795இல் கொச்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இருவர் மோதிய போட்டியின் பயன், போரில் இறங்காத மூன்றாமவருக்கே கிடைத்தது.

படிப்பினை

விலைப் போட்டி, ஒப்பந்தம், நட்பணி, மிரட்டல், விட்டுக்கொடுத்தால் மதிப்பு போய்விடும் என்ற அச்சம், பின்னர் படையெடுப்பு என இப்பகை வளர்ந்தது. 1914இலும் இதே வரிசை பெரிய அளவில் அமைந்தது. சரயேவோ கொலைக்குப் பின் நட்பணிகளின் வாக்குறுதிகள் சில வாரங்களில் வல்லரசுகளைப் போருக்குள் இழுத்தன. அதே ஆண்டு செப்டம்பர் 22இல் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையின் மீது குண்டு வீசியது. தொலைவில் மூண்ட பகை தமிழகக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

போர் மூளும் நாளில் அதைத் தடுப்பது அரிது. அதற்கு முந்தைய ஒவ்வொரு படியிலும் தடுக்க இயலும். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இன்றும் இருக்கிறது. அதில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.