திருவானைக்காவும் நானோ ஒளியுணரிகளும்: சி.வி. இராமன் ஆய்வின் இரு தடங்கள்

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் அமைந்த ஊர் திருவானைக்கா. சர் சி.வி. இராமன் 1888 நவம்பர் 7 அன்று இவ்வூரில் பிறந்தார். இன்றைய நானோ ஒளியுணரிகள் பல, அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கொண்டு இயங்குகின்றன. எனினும் அவ்விளைவிலிருந்து இக்கருவிகள் நேரே தோன்றிவிடவில்லை. இராமனின் ஆய்வில் தனித்தனியே சென்ற இரு தடங்கள் பிறர் கைகளில் இணைந்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சிதறல் என்னும் தடம்

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும், சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வருவதை உறுதிசெய்தனர். இம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆகவே பொருளை இனங்காண உதவும். ஆனால் இவ்வொளி மிக மங்கலானது. மிகக் குறைந்த அளவில் உள்ள பொருளைக் கண்டறிய அது போதவில்லை.

நிறம் என்னும் தடம்

பெங்களூருக்குச் சென்றபின் இராமன் சிப்பி, பறவை இறகு, ஓபல் கல் ஆகியவற்றின் நிறங்களை ஆராய்ந்தார். இந்நிறங்கள் சாயத்தால் அன்றி, நுண்ணிய உள்ளமைப்பால் தோன்றுவன. 1953இல் அவரும் அ. ஜெயராமனும் ஓபலின் நிறத்திற்கு அடுக்கடுக்கான படிக அமைப்பே காரணம் என விளக்கினர். 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேறொன்றைக் காட்டியது: ஒளியின் அலைநீளத்தை ஒத்த பருமனுள்ள சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அமைப்பே நிறத்தைத் தருகிறது என்ற கருத்து நிலைத்தது. அமைப்பு பற்றிய விளக்கம் மாறியது.

தடங்களின் இணைவு

இராமன் 1970இல் மறைந்தார். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன் குழுவினர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடினின் இராமன் நிறமாலையை வலுவாகப் பெற்றனர். பரப்பு மிகுந்து, ஒட்டிய மூலக்கூறுகள் கூடியதே காரணம் எனக் கருதினர். 1977இல் அமெரிக்காவில் ஜீன்மேரும் வான் டியூனும் இவ்விளக்கம் போதாது என்று காட்டினர். பெருக்கம் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கை எட்டியிருந்தது. நானோ அளவிலான வெள்ளி மேடுகளில் எலக்ட்ரான்கள் ஒளியுடன் சேர்ந்து அதிர்ந்து, அருகில் ஒளியின் மின்புலத்தைப் பெருக்குவதே முதன்மைக் காரணம் எனப் பின்னர் ஏற்கப்பட்டது.

சொரசொரப்பை ஒரே சீராக மீண்டும் மீண்டும் பெறுவது கடினமாக இருந்தது. வான் டியூன் குழுவினர் நானோ உருண்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வெள்ளிப் படலம் பூசினர். 2003இல் அத்தகைய பரப்பில் குளுக்கோசைக் கண்டறிந்தனர். ஓபலை ஒத்த அடுக்கு இராமன் சிதறலைப் பெருக்கும் தளமாயிற்று.

முடிவுரை

இராமன் இவ்விரு தடங்களையும் இணைத்தார் எனக் கூறுவதற்கில்லை. இணைவு அவர் மறைவிற்குப் பிந்தையது. மங்கலான ஒளி என்ற குறையே வெள்ளிப் பரப்பின் பயனை வெளிப்படுத்தியது. திருச்சிராப்பள்ளி வட்டார அறிவியல் வரலாற்றை எழுதுவோர் பிறந்த ஊரின் பெருமையோடு நில்லாமல், திருத்தப்பட்ட விளக்கங்களையும் பிறர் பங்களிப்பையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.