கட்டளைக்குக் காத்திருந்த ஆமை

பிள்ளைகள் தம் கையால் பூட்டி, தாமே எழுதிய கட்டளைகளால் ஓட்டிப் பார்க்கும் ரோபோவின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அந்தத் தேடல் பள்ளியையும் பொம்மைக் கடையையும் கடந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த பர்டன் நரம்பியல் நிறுவனத்தில் போய் நிற்கிறது. மூளையின் மின்னலைகளைத் தாளில் பதிவுசெய்யும் ஆய்வில் பெயர் பெற்றிருந்த வில்லியம் கிரே வால்டர் (1910–1977), 1948, 1949 ஆண்டுகளில் சக்கரங்களில் ஊரும் இரண்டு சிறு எந்திரங்களைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயரிடப்பட்ட அவை, முதுகில் ஓடு கவிழ்த்திருந்ததாலும் மெல்ல நகர்ந்ததாலும் ஆமைகள் எனப்பட்டன. போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த மின்பொருள்களும் பழைய கடிகாரப் பற்சக்கரங்களும் சேர்ந்து உருவான அவற்றை, ஆய்வுக் கருவி என்பதைவிட ஓய்வுநேரக் கைவேலை என்பதே பொருந்தும்.

ஒவ்வோர் ஆமைக்குள்ளும் இரண்டு மோட்டார்கள், ஒளியின் அளவை உணரும் ஒளிமின்கலம் ஒன்று, ஓடு எதிலாவது இடித்தால் அறியும் தொடுகருவி ஒன்று, அந்தக் கால வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற வால்வுகள் இரண்டு ஆகியவையே இருந்தன. ஒரு வால்வை ஒரு நரம்புச் செல்லுக்கு ஈடாக வைத்துக்கொண்ட வால்டர், நடத்தையின் சிக்கலுக்குச் செல்களின் எண்ணிக்கையைவிட அவை பிணைக்கப்பட்டிருக்கும் விதமே காரணம் என்பதை இரண்டே செல்களைக் கொண்டு காட்ட முயன்றார். மங்கிய ஒளியை நாடிச் செல்லும் அந்த ஆமை, ஒளி மிகுந்தால் விலகும். மின்கலம் தளரத் தளர அதன் கூச்சமும் குறையுமாதலால், முன்பு விலகிப்போன அதே பெருவிளக்கு எரியும் கூண்டுக்குள் தானே நுழைந்து மின்னேற்றம் பெறும். இத்தனைக்கும் உள்ளே எழுதிவைத்த கட்டளை என்று எதுவுமே இல்லை. பிற்பாடு இன்னும் திருத்தமாகச் செய்யப்பட்ட ஆமைகள் 1951இல் லண்டனில் பிரிட்டன் விழாவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஆங்கிலத்தில் ஆமையைக் குறிக்கும் சொல் ‘எங்களுக்குக் கற்பித்தது’ என்னும் தொடரோடு ஒலியால் ஒத்திருப்பதைக் கொண்டு லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையில் ஒரு சிலேடை செய்திருக்கிறார்; வால்டரும் தம் எந்திரங்களைப் பற்றி எழுதுகையில் அதை நினைவுகூர்ந்தார்.

இருபது ஆண்டுகளுக்குள் அந்தச் சிலேடை தலைகீழானது. கற்பிக்கும் ஆமை, பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளும் ஆமையாக மாறியது. அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1928இல் பிறந்த கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட். அறிவு என்பது வெளியிலிருந்து ஊற்றப்படுவதில்லை, குழந்தை தன் அனுபவத்தைக் கொண்டு தானே கட்டியெழுப்புவது என்று கூறிய உளவியலாளர் ழான் பியாஜேயிடம் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய அவர், பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். 1967இல் மசாசூசெட்ஸில் போல்ட் பெரானெக் அண்டு நியூமன் என்ற நிறுவனத்தில், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து பிள்ளைகளுக்கென்றே ஒரு நிரல்மொழியை, அதாவது கணினிக்குக் கட்டளையிடும் மொழியை, அவர் உருவாக்கினார். ‘சொல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லோகோ என்று பெயர் பெற்ற அம்மொழி, பெயருக்கு ஏற்பத் தொடக்கத்தில் சொற்களையும் வாக்கியங்களையும் வைத்து விளையாடுவதற்கே பயன்பட்டது. ஆமை அதற்குள் நுழைந்தது அதன் பிறகுதான்.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான இந்த இரண்டாம் ஆமை, வயிற்றில் ஒரு பேனாவைத் தாங்கித் தரையில் விரித்த தாளின்மேல் ஊர்ந்தது. வால்டரின் ஆமைக்குக் கட்டளை இல்லை. இதற்கோ கட்டளையன்றி அசைவில்லை. ‘முன்னே 100’ என்றால் நூறு அலகு நகரும். ‘வலம் 90’ என்றால் நின்ற இடத்திலேயே செங்கோணம் திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை சொன்னால் தாளில் ஒரு சதுரம் விழும். இந்த எளிமைக்குள் கணிதம் பதுங்கியிருந்தது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பாடத்தில் படித்த மாணவர், சதுரத்தில் செய்ததைப் போலவே ஒவ்வொரு மூலையிலும் 60 பாகை திரும்பச் சொன்னால், ஆமை மூன்று பக்கங்களில் மூடிக்கொள்ளாமல் ஓர் அறுகோணத்தின் பாதியை மட்டும் வரைந்துவிடும். ஏன் என்று அறிய மாணவர் எழுந்து தானே அந்த வழியில் நடந்து பார்க்கலாம்; அப்போது, திரும்ப வேண்டிய அளவு உட்கோணமன்று, நடந்துவந்த திசைக்கும் போக வேண்டிய திசைக்கும் இடைப்பட்ட 120 பாகை வெளிக்கோணம் என்பதைத் தம் உடம்பாலேயே உணர்ந்துகொள்வார். ஓரடி நடந்து ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால் வட்டம் வரும் என்பதும் இவ்வாறே பிடிபடும். கட்டளையில் நேர்ந்த தவறு விடைத்தாளின் சிவப்புக் கோட்டைப் போல முடிந்த தீர்ப்பாகாமல், தேடித் திருத்தவேண்டிய பிழையாக மட்டும் நின்றதே இந்த ஆமையின் மிகப் பெரிய கொடை.

எழுதப் படிக்கத் தெரியாத சிறு குழந்தைகளையும் இதில் சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு, 1970களின் நடுவில் எம்.ஐ.டி. மாணவியான ரேடியா பெர்ல்மன் விடை தேடினார். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பொத்தான் வைத்த பெட்டியையும், கட்டளை அட்டைகளை வரிசையாகச் செருகி ஆமையை ஓட்டும் பலகையையும் அவர் அமைத்தார். கணினி வலைப்பின்னல்களில் தகவல் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் நெறிமுறையை வகுத்துப் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற அவர், சிறு குழந்தைகளோடு செய்யும் வேலையால் தம்மை ஆழ்ந்த ஆய்வாளராக எவரும் மதிக்கமாட்டார்கள் என்று அஞ்சி அதைக் கைவிட்டதாகக் கூறியிருக்கிறார். துறையில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தின் அச்சம் அது, இழப்பு வகுப்பறைக்கு.

1980இல் பேப்பர்ட் தம் கருத்துகளை ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலாக வெளியிட்ட வேளையில், மேசைக் கணினிகள் பள்ளிகளுக்குள் வரத் தொடங்கியிருந்தன. செலவு மிகுந்த தரை ஆமைக்குப் பதிலாகத் திரையில் நகரும் சிறு முக்கோணம் ஆமையாயிற்று. அதனால் எண்ணற்ற பள்ளிகளுக்கு லோகோ எட்டியது உண்மையே. ஆயினும் கூடவே நடந்து பார்க்கத்தக்க ஓர் உடல் அதனோடு மறைந்தது.

அந்த உடலைத் திருப்பித் தந்தது டென்மார்க்கின் லெகோ பொம்மை நிறுவனம். 1980களின் நடுவிலிருந்து அதனோடு இணைந்து பணியாற்றிய எம்.ஐ.டி. குழுவினர், பிள்ளைகள் அடுக்கும் கட்டைகளோடு மோட்டாரையும் உணரிகளையும் பொருத்தி லோகோவால் இயக்கினர். கம்பியால் கணினியோடு கட்டுண்டிருந்த அப்பொறிகளை விடுவிக்க, கணினியையே கட்டைக்குள் அடக்கும் முயற்சி நடந்தது. அதன் வழியில் 1998இல் விற்பனைக்கு வந்த ரோபோப் பெட்டி, பேப்பர்ட்டின் நூற்பெயரையே தாங்கியது. வளர்ந்தவர்களும் அதை ஆவலோடு வாங்கி, உள்ளிருந்த நிரலைப் பிரித்தறிந்து தமக்கு வேண்டியவாறு மாற்றினர். நிறுவனம் அவர்களைத் தடுக்காமல் விட்டது.

ஆனால் பெட்டியோடு போட்டிகளும் பெருகின. கோட்டைத் தொடர்ந்து ஓடும் வண்டி, பொருளைத் தூக்கி வைக்கும் வண்டி என எல்லாருக்கும் ஒரே பணியைத் தந்து வெற்றி தோல்வி காணும் முறை, ஆமையை மீண்டும் கேள்வித்தாளாக்கியது என்றே சொல்லலாம். இதைக் கண்ட எம்.ஐ.டி.யின் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர், கம்பளித் துணி, பஞ்சுருண்டை, வண்ணக் காகிதம் முதலிய கைவினைப் பொருள்களோடு இணைக்கும் சிறு கணினியொன்றை உருவாக்கினர். 2006இல் ‘பிகோகிரிக்கெட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அதைக் கொண்டு ஒலிக்கேற்ப நிறம் மாறும் சிற்பமும் செய்யலாம், அசையும் பொம்மையும் செய்யலாம். போட்டிக்குப் பதில் கண்காட்சி, பணிக்குப் பதில் கருப்பொருள் என்று அக்குழு வகுத்த வழி, வண்டிகளில் நாட்டமில்லாத பிள்ளைகளையும் உள்ளே அழைத்தது. கடையில் அது நிலைக்கவில்லை. லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையும் 2022 இறுதியில் நிறுத்தப்பட்டது.

பெட்டிகள் போனாலும் ஆமை போகவில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் கற்பிக்கப்படும் பைதான் நிரல்மொழியோடு, லோகோவின் வழியில் படம் வரையும் ஆமைத் தொகுதி ஒன்றும் கட்டணமின்றிச் சேர்ந்தே வருகிறது. அதில் 60 பாகை திரும்பச் சொல்லி முக்கோணம் வரைய முயல்பவருக்கு இன்றும் அறுகோணத்தின் பாதிதான் கிடைக்கும்.