தரங்கம்பாடி: கோட்டைக்குள் இருப்பதும் இல்லாததும்

தரங்கம்பாடிக் கோட்டையின் அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலை ஜாடிகள் இருக்கின்றன. டேனிஷ் நாணயங்கள், வாள்கள், ஈட்டிகள், கண்ணாடிச் சாமான்கள், சுதை உருவங்கள், மாக்கல் விளக்குகள், பழைய ஆவணங்கள் என்று அலமாரிகள் நிறைந்திருக்கின்றன. ஒரு திமிங்கிலத்தின் எலும்பும் உண்டு. சோழ மண்டலக் கரையில் இருக்கும் ஒரு சிற்றூருக்குச் சீன ஜாடி எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினால், நானூறு ஆண்டுக் கதை ஒன்று அவிழும்.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். அவர்கள் முதலில் குறி வைத்தது இலங்கையைத்தான். அங்கே காரியம் கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர் தாக்கி அழித்தார்கள். அதில் வந்த வணிகர் ரோலண்ட் கிராப்பே சில மாலுமிகளோடு கரை சேர்ந்து, தஞ்சாவூர் நாயக்கர் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். கப்பல் கவிழ்ந்ததே டேனிஷ்காரர்களுக்குத் தஞ்சாவூர் வாசலைத் திறந்துவிட்டது எனலாம். 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருக்கும் தளபதி ஓவே ஜெடேவுக்கும் உடன்படிக்கை ஆயிற்று. மிளகு வாங்கவும் கோட்டை கட்டவும் டேனிஷ்காரர்களுக்கு ஒரு கடற்கரை ஊர் கிடைத்தது.

ஆளில்லாத மணல் திட்டை வெள்ளைக்காரர்கள் ஊராக்கினார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அதன் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது. டேனிஷ்காரர்கள் வந்திறங்குவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே கோயிலும் குடியும் இருந்தன. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது.

அந்த 1620ஆம் ஆண்டில் இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு எழுதிய கடிதம் ஓலை வடிவத் தங்கத் தகட்டில் பொறிக்கப்பட்டது. வாசகம் தமிழில், கையொப்பம் தெலுங்கில். அந்தத் தகடு இன்று கோபன்ஹேகனில், டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியின் பிறப்புப் பத்திரம் என்று சொல்லத்தக்க அந்தப் பொருளைப் பார்க்க வேண்டுமானால் ஊர்க்காரர் விமானம் ஏற வேண்டும்.

கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். இரண்டு தளங்கள். கீழே கிடங்கு, சமையற்கட்டு, சிறை, வீரர்களின் இருப்பிடம்; மேலே ஆளுநரும் வணிகர்களும், அவர்களுக்கு ஒரு சிறு தேவாலயம். பார்வைக்கு மிடுக்காக இருந்தாலும் தொடக்க காலத்தில் இந்தக் கோட்டையின் நிலைமை பரிதாபம்தான். ஐரோப்பாவில் டென்மார்க் போர்களில் சிக்கித் திணற, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, கடைசியில் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனிஷ்காரர். அவரே தளபதி, அவரே கணக்கர், அவரே எல்லாம். நாயக்கர் படைகளின் முற்றுகையைத் தாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தது. ஒற்றை ஆள் எப்படிச் சமாளித்தார்? ஊர்க்காரர்கள் காவலுக்கும் கட்டுமானத்துக்கும் படகோட்டவும் நின்றதால்தான். அவர்கள் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலை தாண்டி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். துணி மூட்டையோ, மிளகுப் பையோ, ஆளுநரோ, பாதிரியாரோ, எவரானாலும் எதுவானாலும் உள்ளூர்ப் படகில்தான் கரை ஏற முடியும். அலையின் போக்கு தெரிந்த கைகள் துடுப்பை எடுக்காவிட்டால் கம்பெனியின் சரக்கு முழுவதும் கப்பலிலேயே கிடக்கும்.

1706 ஜூலை 9 அன்று அப்படிக் கரை இறங்கியவர்களில் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்குவும் ஒருவர். திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பாடம் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டில், தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்துவிட்டார். டேனிஷ் ஆளுநரோடு மோதியதில் இதே கோட்டைக்குள் சில மாதங்கள் சிறையும் இருந்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது; புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. 1719இல், 36 வயதில், இறந்தார். கிங் தெருவில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் கல்லறை இருக்கிறது.

சீகன்பால்குவைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அவருக்குப் பின்வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவரைத்தான் நம்மில் பலருக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே இருந்த இந்தப் பாதிரியாருக்கு மீன், சிப்பி, பாம்பு என்று எல்லாவற்றிலும் ஆசை. வலையில் விழுந்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் மார்கஸ் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக் நன்றி மறக்கவில்லை. 1793இல் ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜோனியஸ்' என்று ஜான் பெயரையே வைத்தார். கத்தாழை மீன்கள் அதில் அடக்கம். அவற்றுள் ஒன்றின் அறிவியல் பெயர் 'ஜோனியஸ் கருட்டா'. கறுத்த கத்தாழை என்று ஏலக்கரையில் சொல்வார்களே, அதேதான். பேரினத்தின் பெயர் பாதிரியாருக்குப் போக, சிற்றினத்தின் பெயரில் வலைக்காரரின் சொல் தங்கிவிட்டது. பிளாக்கின் மீன் சேகரிப்பு இன்று பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன சுவடிகளும் விசித்திரப் பொருள்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன.

1845இல் டென்மார்க் கணக்கை முடித்துக்கொண்டது. வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றது. அதன்பின் 15 ஆண்டுகள் தஞ்சாவூர் மாவட்டத்துக்கே இது தலைமையிடமாக இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பிறகு கலெக்டர் அலுவலகம் போயிற்று. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வர, வணிகமும் அங்கே போய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் வந்த ரயில் பாதையும் 1986இல் மூடப்பட்டது. பணம் புழங்கியிருந்தால் பழைய வீடுகளை இடித்து மாடி கட்டியிருப்பார்கள். 1792இல் கட்டிய நகர வாயில் முதல் திண்ணைத் தூண்கள் வரை மிஞ்சியதற்கு ஊர் நொடித்துப்போனதே காரணம்.

கோட்டை நெடுங்காலம் பயணியர் விடுதியாகக் கிடந்தது. 1978இல் தமிழகத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டே அருங்காட்சியகம் திறந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கம் உதவ, கோட்டை பழுதுபார்க்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது கோட்டை நின்றது. அதை ஒட்டிய மீனவர் குடியிருப்பு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்குக் கடலைவிட்டுத் தள்ளிப் புதுக் குடியிருப்பு எழுந்தது. அதன் பிறகு அதே சங்கத்தின் முயற்சியில் குயின் தெருவில் கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று உருவாகி, படகுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் சுனாமிக்கும் இடம் கொடுத்தது. கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே பேருந்து ஏறிவிடுவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

சுற்றுவட்டாரத்தில் தரங்கம்பாடிக்குத் 'தலைமை மீனவ கிராமம்' என்ற மரியாதை இன்றும் உண்டு. அதன் பஞ்சாயத்தார் சொல்லுக்குக் கரையோரத்தில் மதிப்பு உண்டு. கோட்டை அருங்காட்சியகம் கோட்டைக்காரர்களின் கதையை நன்றாகவே சொல்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் படகு ஓட்டியவர்களின் கதைக்கும் அங்கே ஓர் அறை வேண்டும். தங்கத் தகட்டின் நல்ல நகல் ஒன்று, கறுத்த கத்தாழையின் படம் ஒன்று, பக்கத்தில் நான்கு வரி விளக்கம். இவற்றைத் தொல்லியல் துறை நினைத்தால் இந்த ஆண்டே வைத்துவிடலாம்.