ஷெல் அல்ல, றொட்

மன்னாரில் குழாய்க்கிணறு அடித்துக்கொண்டிருந்த லொறி ஒன்றின் அருகே நின்றேன். றொட் பூட்டிக்கொண்டிருந்த தம்பியின் வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. "ஷெல் பட்டதோ?" என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தான் கேக்கிறவை. இது றொட் நசிச்சது அண்ணை" என்றார். எங்கள் பக்கம் காயம் என்றாலே யுத்தம் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

இதே வேலை 2011இல் மன்னார்க் கடலிலும் நடந்தது. கெய்ர்ன் நிறுவனத்துக்காக ஜப்பானின் சிக்யூ கப்பல் அங்கே துளையிட்டது. ஒக்ரோபரில், டொராடோ கிணற்றில் எரிவாயு இருப்பதாக அறிவித்தார்கள். கடலின் ஆழம் மட்டும் 1,354 மீற்றர். வாயு இருந்த மணற்கல், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கும் கீழே.

துளைகுழாய் ஒன்று சுமார் 9.5 மீற்றர் நீளம். ஐந்து அங்குலக் குழாயானால் ஏறத்தாழ 300 கிலோ. அந்த ஆழத்துக்கு 300க்கு மேற்பட்ட குழாய்கள் வேண்டும். துளையிடும் முனை தேய்ந்தால் அத்தனையையும் மேலே இழுத்து, முனையை மாற்றி, மறுபடி இறக்கவேண்டும். அதனால் மூன்று நான்காகப் பூட்டியபடியே கோபுரத்துக்குள் நிமிர்த்தி வைப்பார்கள். மேலே சீப்புப் பற்கள் போன்ற இரும்புத் தாங்கி இருக்கும். பல்லுக்குப் பல் இடையே குழாய்கள் வரிசையாக நிற்கும்.

முன்பு அந்த உயரத்தில், இடுப்பில் பட்டி கட்டி நின்ற ஒருவர்தான் குழாயின் தலையை இழுத்துத் தாங்கிக்குள் தள்ளினார். கீழே நின்றவர்கள் சங்கிலியைக் குழாயில் சுற்றியெறிந்து இழுத்து மரையைப் பூட்டினார்கள். சங்கிலிக்கும் குழாய்க்கும் இடையில் அகப்பட்ட விரல்கள் போயின. 1970களில் வந்த 'இரும்பு றஃப்நெக்' என்ற இயந்திரம் பூட்டுவதையும் கழற்றுவதையும் தானே செய்தது. பிறகு வந்த ஹைட்ரோலிக் கைகள், தளத்தில் படுத்திருக்கும் குழாயைத் தூக்கி நிமிர்த்தித் தாங்கியில் வைத்தன. இப்போது துளையிடுபவர் கண்ணாடி அறைக்குள் இருந்து நெம்பியை அசைக்கிறார்.

ஆபத்து முற்றாகப் போய்விடவில்லை. தாங்கியின் கொளுக்கி திறக்காமல் விட்டு, இயந்திரம் இழுத்தால், உடைந்த துண்டு மேலிருந்து விழும். ஆகவே இயந்திரம் ஓடும்போது கீழே ஆள் நிற்கக்கூடாத இடத்தைச் சிவப்பால் குறித்து வைக்கிறார்கள்.

கிணறு அடிக்கும் லொறிகளிலும் றொட்களைச் சுழல்கூட்டில் அடுக்கி, தானாகவே எடுத்துக் கொடுக்கும் வகை உண்டு. நான் பார்த்த லொறியில் ஒரு வின்ச்சும் பெரிய ஸ்பானரும்தான் இருந்தன. கையுறை போடுவதில்லையா என்றேன். சுழலும் றொட் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும் என்றார். அது உண்மைதான்.

முதலாளி மருந்துச் செலவு கொடுத்தாராம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையில் இழந்த விரலுக்கும் நட்டஈடு சொல்கிறது என்றேன். "விரலுக்குமோ?" என்று கேட்டார். அதற்குள் அடுத்த றொட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.