பதிவேட்டில் ஏறாத வேலை

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பயின்று திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலில் நோயில் படுத்த பெண்களின் கதை அப்படிச் சொல்லப்படுவதில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நோய்க்கால உதவித்தொகை பெறும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73ஆம் பிரிவில் சொன்னது. ஆண்டுக்கு 91 நாள் வரை உதவித்தொகை. காசநோய் போன்ற நெடுநோய் என்றால் இரண்டு ஆண்டு வரை நீளும். சிவகாசியிலேயே இஎஸ்ஐ மருத்துவமனையும் உண்டு.

இவையெல்லாம் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டியும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் அத்தை அவர்களில் ஒருவர். அவருக்குக் காசநோய் வந்ததும் ஏஜெண்ட் காகிதக் கட்டைப் பக்கத்து வீட்டில் இறக்கினார். வேலைக்குச் சேர்த்ததற்கே சீட்டு இல்லை. நீக்கியதை எதைக் காட்டி நிரூபிப்பது? ஆறு மாத மருந்தை நான்காம் மாதமே நிறுத்திவிட்டு, அத்தை மறுபடி குழாய் உருட்ட உட்கார்ந்தார்.

விடுப்பு கேட்பதற்கு முன், திண்ணையில் நடப்பதும் வேலைதான் என்று பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.