சட்டத் தேடலும் சட்ட எழுத்தும்: கல்வராயன் மலையை முன்வைத்து

ஒரு வழக்குக்கு உரிய சட்டப்பிரிவு, அரசிதழ் அறிவிக்கை, முன்தீர்ப்பு, வருவாய் ஆவணம் ஆகியவற்றைக் கண்டடையும் பணி சட்டத் தேடல். கண்டடைந்ததைப் பிராதாகவோ மனுவாகவோ பிரமாண வாக்குமூலமாகவோ எழுதுவது சட்ட எழுத்து. சட்டக் கல்லூரியில் இவ்விரண்டும் ஓரளவே கற்பிக்கப்படுகின்றன. மிச்சத்தை இளம் வழக்கறிஞர் சீனியரின் அலுவலகத்திலும் நீதிமன்ற வராந்தாவிலும் கற்றுக்கொள்கிறார். தமிழகத்தில் இந்தக் கல்வி எவ்வாறு நடந்துவந்தது என்பதையும், கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன் மலையில் உள்ள கரியாலூர் போன்ற ஊரிலிருந்து ஒரு வழக்கு வந்தால் அந்தக் கல்வி எப்படிச் சோதிக்கப்படும் என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

தொடக்கம்

சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேல்முறையீடுகளை விசாரித்தது சதர் அதாலத் நீதிமன்றம். அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. மாவட்டங்களில் வாதாடிய வக்கீல்களில் பலருக்கும், வழக்காடிய மக்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அவை எட்டாதவை. தனக்குச் சாதகமான ஒரு தீர்ப்பு இருக்கிறது என்பதே தெரியாமல் வழக்கில் தோற்பது அன்று இயல்பு.

இந்நிலையை மாற்ற முயன்ற தமிழர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய நாவலாசிரியராகவே இன்று அவர் அறியப்படுகிறார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனவர் அவர். சதர் அதாலத் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார். தமிழில் வந்த தொடக்ககாலச் சட்டத் தொகுப்புகளில் இது முதன்மையானது. ஆவணக் காப்பாளராக இருந்தவர் என்பதை இங்கே மறக்கக்கூடாது. எந்தக் கட்டில் எந்தத் தாள் இருக்கிறது என்று அறிந்தவரால்தான் இத்தகைய நூலைச் செய்ய முடியும்.

அதே 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியது. 1875-இல் சட்ட அறிக்கைகள் சட்டம் இயற்றப்பட்டு, 1876 முதல் ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ சென்னை வரிசை அரசுச் சார்பில் வெளியானது. ஆனால் வழக்கறிஞர்களின் மேசையில் இடம்பிடித்தவை தனியார் இதழ்களே. 1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ இதழைத் தொடங்கினர். எஸ். சுப்பிரமணிய ஐயரின் வீட்டில் சனிக்கிழமைதோறும் கூடிப் புதிய தீர்ப்புகளை விவாதித்த குழுவிலிருந்து பிறந்த இதழ் அது. தீர்ப்புகளை அச்சிட்டதோடு நிற்காமல் அவற்றில் உள்ள பிழைகளையும் சுட்டிக்காட்டி எழுதியது. பின்னர் 1910-இல் ‘மெட்ராஸ் வீக்லி நோட்ஸ்’, 1914-இல் ‘லா வீக்லி’ ஆகியவை வந்தன. ஒரு ஜூனியர் தன் சீனியரிடம் முதலில் பெறும் வேலை இவ்விதழ்களின் ஆண்டு அட்டவணையில் விரலை ஓட்டுவதாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடுபவர் தண்டிக்கப்படுவார் என்பதையும் அந்த அலுவலகங்களிலேயே கற்றார்கள். தலைக்குறிப்பு நீதிபதி எழுதியது அல்ல, இதழாசிரியர் எழுதியது.

பயிற்சி என்னும் சிக்கல்

பட்டம் பெற்றவர் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சியாளராக இருந்து, பார் கவுன்சில் தேர்வெழுதிய பின்னரே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் முறை சென்னையில் நீண்டகாலம் இருந்தது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமும் முதலில் பயிற்சியையும் தேர்வையும் கோரியது. 1973-இல் அத்தேவை திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. இந்திய பார் கவுன்சில் 1995-இல் பயிற்சி விதிகளை மீண்டும் கொண்டுவந்தது. வி. சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் அவற்றைச் செல்லாதென அறிவித்தது. 2010-இல் அகில இந்திய பார் தேர்வு அறிவிக்கப்பட்டது. 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. தேர்வு திரும்பி வந்தது. கட்டாயப் பயிற்சி வரவில்லை. நல்ல சீனியர் அமைவது இன்றும் அதிர்ஷ்டமே. சென்னையில் நூலகமும் பெரிய அலுவலகங்களும் உண்டு. கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ தொழில் தொடங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இருப்பது ஒரு சீனியர், சில சட்டப் பிரதிகள், ஒரு கைபேசி.

‘இந்தியாவுடன் இணைந்த மலை’

கல்வராயன் மலை பழைய தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களின் எல்லையில் பரவியிருக்கிறது. கரியாலூரும் வெள்ளிமலையும் தென்னார்க்காட்டுப் பக்கத்தில் உள்ளவை. அப்பகுதி சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக இருந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர் இம்மலையைப் பற்றிப் பேசுகிறது. மக்கள் ஜாகீர்தாருக்கு வரி கொடுத்தும் வேலை செய்தும் வாழ்ந்தனர். சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது. 1976-இல் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது.

நாளிதழ்களிலும் மேடைகளிலும் இது ‘1976-இல்தான் கல்வராயன் மலை இந்தியாவுடன் இணைந்தது’ என்று சொல்லப்படுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அப்போது அந்தச் சொற்றொடர் மேலும் பரவியது. உணர்ச்சி என்ற அளவில் அது பொய் அல்ல. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வராத மலைக்கு அரசு என்ற ஒன்று அப்போதுதான் வந்தது. ஆனால் ஒரு மனுவில் அவ்வாறு எழுதுவது பிழை. மலை பிரிட்டிஷ் காலத்திலேயே மாகாணத்தின் மாவட்டங்களுக்குள் இருந்தது. 1950-இல் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது இந்திய ஆட்சிப்பரப்பிலேயே இருந்தது. 1976-இல் முடிந்தது நிலத்தின் மீது ஜாகீர்தாருக்கு இருந்த உரிமை. இரண்டும் வேறு. முதலாவதை எழுதினால், 1976-க்கு முன் இந்தியச் சட்டம் எதுவும் இங்கே செல்லாது என்று பொருள்படும். அது மனுதாரருக்கே எதிராகத் திரும்பும்.

ஒரு கரியாலூர்க்காரர் பட்டா கேட்டு வந்தால் இளம் வழக்கறிஞர் தேடவேண்டியவை வேறு. எந்த ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்பட்டது? அரசிதழ் அறிவிக்கையின் நாள் என்ன? அதில் இந்தக் கிராமம் உண்டா? நிலவரித் திட்டம் எப்போது நடந்தது? நிலம் வருவாய்த்துறையிடம் போனதா, வனத்துறையிடம் போனதா? இங்கே ஒரு பழைய கண்ணி இருக்கிறது. சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம். இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1963-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம். ‘26-ஆம் சட்டம்’ என்று ஆண்டின்றிக் குறித்த குறிப்பை நம்பி வேறு சட்டத்தின் பிரிவுகளை மேற்கோள் காட்டும் விபத்து இன்றும் நிகழக்கூடியது.

அடுத்தது முன்தீர்ப்பு. நிலவரித் திட்ட அலுவலரின் பட்டா ஆணைக்குப் பிறகு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாமா? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ராமலிங்க சாமிகள் மடம் வழக்கில், போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் கூறியது. ஆந்திர இனாம் சட்டம் குறித்த வட்டிச்செருகூறு கிராமப் பஞ்சாயத்து வழக்கில் 1991-இல் அதே நீதிமன்றம் வேறு திசையில் சென்றது. முதல் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு இரண்டாவதை நீட்டும். இரண்டையும் படித்து, எந்தச் சட்டத்தின் எந்தச் சொற்களை வைத்து ஒவ்வொன்றும் எழுதப்பட்டது என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவரே அங்கே நிற்க முடியும். இணையத்தில் தேடினால் இரண்டும் சில நொடிகளில் கிடைக்கும். பிரித்துக் காட்டும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

பெயரில் உள்ள சட்டம்

கல்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. கணினியில் அப்பெயரை இட்டுத் தேடினால் கேரளமே வந்து விழும் என்பதால், தேடலின் முதல் தடுமாற்றம் பெயரிலேயே தொடங்குகிறது.

1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்த தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில், தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகளே இடம்பெற்றுள்ளனர். கள்ளக்குறிச்சி என்ற பெயர் அதில் இல்லை. தென்னார்க்காடு 1993-இல் பிரிந்து விழுப்புரம் உருவானது. விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. எனவே கரியாலூர் மாணவர் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில், இன்றைய முகவரியைப் பழைய மாவட்டத்துடன் இணைக்கும் அரசாணைகளையும் சேர்த்தே காட்ட வேண்டும். பட்டியலின் சொற்களை நீதிமன்றம் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதை மிலிந்த் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளுக்கு இதுவே தடையாக நிற்கிறது. அவர்களின் பகுதி பழைய கோயம்புத்தூரில் இருந்தது. கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. ஒரே மக்கள், மலை மட்டும் வேறு. ஒரு மாவட்டப் பெயர் ஒரு குழந்தையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது.

எழுதும் முறை

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆறாம் கட்டளை, இரண்டாம் விதி சொல்வது எளியது. முக்கியமான நிகழ்வுகளைச் சுருக்கமாகச் சொல், சாட்சியத்தைச் சொல்லாதே, பத்திகளுக்கு எண் இடு, தேதியையும் தொகையையும் இலக்கத்திலும் எழுத்திலும் எழுது. இளம் வழக்கறிஞர்களுக்கு இதைவிடச் சிறந்த எழுத்துப் பாடம் கிடைப்பது அரிது. ஆனாலும் பழைய பிராதை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றும் வழக்கமே ஓங்கியிருக்கிறது. தெளிவின்மை வழக்கறிஞரோடு நிற்பதும் இல்லை. 2022-இல் அஜய் குமார் சூத் வழக்கில், உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று புரியவில்லை என்றே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தீர்ப்புகளைப் பத்தி எண்ணிட்டுத் தெளிவாக எழுதும் முறையை விளக்கியது.

மொழிச் சிக்கலும் உண்டு. 1976-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, கீழமை நீதிமன்றங்களில் தமிழில் சாட்சியம் பதிவதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் வழி ஏற்பட்டது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலமே நீடிக்கிறது. ஆகவே ஒரே வழக்கைக் கள்ளக்குறிச்சியில் தமிழில் எழுதுபவர், மேல்முறையீட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடங்கல், தரிசு, தோப்புப் புறம்போக்கு போன்ற சொற்களுக்கு ஆங்கிலச் சொல் தேடி அலைவதைவிட அவற்றை அப்படியே வைத்து ஒரு வரியில் விளக்குவதே நல்லது. மொழிபெயர்ப்பில் நில வகை மாறினால் வழக்கே மாறிவிடும்.

கருவிகள் இன்று மாறிவிட்டன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் அதன் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலையில் உள்ள வழக்கறிஞருக்கும் மயிலாப்பூர் வழக்கறிஞருக்கும் அந்த அளவில் வேறுபாடு குறைந்திருக்கிறது. புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிக் கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்கள் ஒருமுறை மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

வன உரிமை மனு

கல்வராயன் மலையில் தேடலும் எழுத்தும் ஒன்றாகச் சேரும் இடம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன் வன நிலத்தில் இருந்த பழங்குடியினர் கிராம சபையிடம் உரிமை கோரலாம். இச்சட்ட விதிகளின் 13-ஆம் விதி எவையெல்லாம் சான்று என்று பட்டியலிடுகிறது. கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வரைபடம் ஆகியவை அதில் உண்டு. நூற்றாண்டுக்கு முன் வந்த கெசட்டியர் இவ்வாறு வழக்கு ஆவணம் ஆகிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள வருவாய் வாரிய நடவடிக்கைகளும் அப்படியே.

அதே விதி, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாகத் தரவும் இடமளிக்கிறது. வீடு, கிணறு, இடுகாடு, சாமி இடம் ஆகிய தடயங்களும் சான்றே. இங்கேதான் எழுதுபவரின் கை தெரியும். ‘நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு அனுபவித்து வருகிறோம்’ என்ற வழக்கமான வரியை எழுதினால் எல்லா மனுவும் ஒன்றுபோல் இருக்கும், அதிகாரியும் ஒன்றுபோலத் தள்ளுவார். எந்த ஓடைக்கு மேற்கே யாருடைய தாத்தா சாமை விதைத்தார், அவரை எங்கே புதைத்தார்கள், அந்த இடத்தில் இன்று என்ன மரம் நிற்கிறது என்று கேட்டு, பெரியவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க அரைநாள் ஆகும்.